அட்சரகணிதப் பாடம் எடுக்கும் பிள்ளைகளிடம் உண்மையில் என்ன எதிர்பார்க்கிறார்கள்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பொகவந்தலாவையிலிருந்து, முதல் பதிவு

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்காக நின்றபோது எங்கள் தோட்டத்துத் தங்கச்சி ஒருத்தி ஓடிவந்து கையைப் பிடித்தாள். ஏ.எல். வர்த்தகப் பிரிவில் நன்றாகச் செய்தவள், முகாமைத்துவப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. தோட்டமே சந்தோசப்படும் நேரத்தில் அவள் முகம் வாடிக் கிடந்தது. "அக்கா, முதல் செமஸ்டர்லயே அட்சரகணிதம் இருக்காம். எனக்கு ஓ.எல்.ல கணக்குக்கு சி தான். என்னால முடியுமாக்கா?" என்று கேட்டாள். முடியும் என்று சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. எப்படி முடியும் என்று சொல்ல நேரமில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அவளுக்கு மட்டுமல்ல, இந்த வருசம் போகப்போகிற எல்லாப் பிள்ளைகளுக்கும்.

நானும் அதே நிலைமையில் போனவள்தான். கணக்கீடு, பொருளியல், வணிகக் கல்வி. ஓ.எல்.லுக்குப் பிறகு இருபடிச் சமன்பாட்டைக் கண்ணால் பார்க்கவில்லை. முதல் நாள் விரிவுரையாளர் பாடவிவரத் தாள் ஒன்று தந்தார், முழுக்க ஆங்கிலத்தில். அதில் 3 கிரெடிட், 150 மணித்தியாலம் என்று இருந்தது. ஏதோ அலுவலகக் கணக்கு என்று மடித்துக் கொப்பிக்குள் வைத்துவிட்டேன். இலங்கையில் ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். எங்கள் பாடத்தில் அந்த 150இல் விரிவுரை 45 மணித்தியாலம்தான். மிச்சம் 105 மணித்தியாலம் நாமே உட்கார்ந்து செய்ய வேண்டியது. 15 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 7 மணித்தியாலம், அதுவும் இந்த ஒரு பாடத்துக்கு மட்டும். இதை யாரும் வாயால் சொல்லவில்லை. நான் கூட்டிப் பார்த்ததே இடைப் பரீட்சையில் 27 எடுத்த பிறகுதான்.

27 வந்தபோது எனக்கு அது அநியாயமாகத் தெரிந்தது. ஒரு விரிவுரையும் தவறவிடவில்லை. இரண்டு சி.ஆர். கொப்பி நிறைய நோட்ஸ், தலைப்புக்குச் சிவப்புப் பேனை, கோடு போட்டுக் கட்டம் கட்டி, பார்த்தால் அச்சுப் புத்தகம் மாதிரி இருக்கும். டியூசன் வகுப்பில் அப்படித்தானே பழகினோம். சேர் போர்டில் செய்வார், நாங்கள் எழுதுவோம், விளங்கிவிட்டது என்று நினைத்து வீட்டுக்குப் போவோம். சேர் செய்யும்போது எல்லாக் கணக்கும் விளங்கும். தனியாக வெள்ளைத் தாளோடு உட்கார்ந்தால்தான் முதல் வரியே வராது.

விடுதியில் என் அறைக்குப் பக்கத்தில் பதுளை அக்கா ஒருவர் இருந்தார், மூன்றாம் வருசம். அழுதுகொண்டிருந்தவளை உட்கார வைத்து, என் கொப்பியை மூடி மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டு, தாளில் ஒரு கணக்கு எழுதிக் கொடுத்தார். எக்ஸோடு 6ஐக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் எக்ஸே வருகிறது, எக்ஸ் என்ன? நான் இரண்டு பக்கமும் வர்க்கித்து, காரணிப்படுத்தி, 3 என்றும் மறை 2 என்றும் விடை எடுத்து, கீழே இரண்டு கோடு போட்டு நீட்டினேன். பெருமையாக இருந்தது. அவர் தாளை வாங்காமல், "சரியான்னு பாத்தியா?" என்றார். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. சரியா பிழையா என்று பார்ப்பது சேருடைய வேலை அல்லவா! "மறை 2ஐத் திரும்ப மேல போட்டுப் பாரு" என்றார். போட்டேன். இடது பக்கம் 4இன் வர்க்கமூலம், அது 2. வலது பக்கம் மறை 2. சமனில்லை. நான் கோடு போட்டு அலங்கரித்த விடைகளில் ஒன்று விடையே இல்லை. வர்க்கிக்கும்போது கள்ள மூலம் ஒன்று உள்ளே வந்துவிடும், அதைப் பிடிக்க வேண்டியது கணக்குச் செய்பவர்தான் என்று அன்றுதான் தெரியும்.

எனக்கு அந்தப் பாடமே அன்றைக்குத்தான் திறந்தது. பல்கலைக்கழக அட்சரகணிதம் எதிர்பார்ப்பது பெரிய மூளையை இல்லை, ஏ.எல். கணிதத்தைக் கூட இல்லை. தன் விடை சரியா என்று தானே சொல்லக்கூடிய பிள்ளையை எதிர்பார்க்கிறது. பள்ளிக்கூடத்தில் 11 வருசம் யாரோ ஒருவர் சரி போட்டுத் தருவார் என்று காத்திருந்த நமக்கு இது புதுசு.

இறுதிப் பரீட்சையில் 61 எடுத்தேன். பிறகு இரண்டு வருசம் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு டியூட்டோரியலில் உதவி செய்தேன். அங்கே பார்த்த பிழைகள் திரும்பத் திரும்ப அதே பிழைகள். அடைப்புக்கு முன்னால் மறைக்குறி நின்றால் உள்ளே முதல் உறுப்புக்கு மட்டும் குறியை மாற்றிவிட்டு இரண்டாவதை அப்படியே விடுவது. எக்ஸ் கூட்டல் 5ஐ எக்ஸால் வகுத்தால் எக்ஸை வெட்டிவிட்டு 5 என்று எழுதுவது. எக்ஸுக்கு 1 போட்டுப் பார்த்தாலே 6 வருகிறது, 5 இல்லை என்று தெரிந்துவிடும், அரை நிமிடம் போதும். எக்ஸின் வர்க்கம் 5 எக்ஸுக்குச் சமன் என்றால் இரண்டு பக்கமும் எக்ஸால் வகுத்து 5 மட்டும் சொல்வது, பூச்சியம் பாவம், அதையும் எக்ஸோடு சேர்த்து வெட்டி எறிந்திருப்பார்கள். இரண்டு எண்ணைக் கூட்டி வர்க்கித்தால் வர்க்கங்களின் கூட்டுத்தொகை வரும் என்று எழுதுகிறவர்களுக்கு நான் எப்போதும் 3ஐயும் 4ஐயும் போடச் சொல்வேன், 49 ஒரு பக்கம், 25 ஒரு பக்கம். இவை எதுவும் அறிவில்லாத பிழைகள் இல்லை. திரும்பிப் பார்க்காத பிழைகள்.

மடக்கை தனிக்கதை. நம் பிள்ளைகளுக்கு மடக்கை என்றால் அட்டவணைப் புத்தகம். ஓ.எல்.லில் கல்குலேட்டர் கிடையாது, பெரிய பெருக்கல் வகுத்தலுக்கு அட்டவணை பார்க்கப் பழகியிருப்பார்கள், கை வேகமாகப் போகும். அதே மடக்கை ஒரு சார்பாக வந்து, வரைபும் ஆட்சியும் (எந்த எக்ஸ் போடலாம்) வீச்சும் (என்ன விடை வரலாம்) கேட்டால் திகைத்துப் போவார்கள். எக்ஸின் மடக்கையோடு எக்ஸ் கழித்தல் 3இன் மடக்கையைக் கூட்டினால் 1, அடி 10, என்று கொடுத்தால் 5உம் மறை 2உம் எடுத்துவிடுவார்கள். மறை எண்ணுக்கு மடக்கை எங்கே இருக்கிறது? அட்டவணையில் தேடிப் பார் என்று சொல்வேன். தேடுவார்கள். பிறகு சிரித்துக்கொண்டு மறை 2ஐ வெட்டுவார்கள்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விடக் கூடாது. நம் பிள்ளைகள் கேள்வி கேட்பதில்லை. விரிவுரையாளர் தன் அறையில் இன்ன நேரம் இருப்பேன் என்று தாளில் போட்டிருப்பார், ஒருத்தரும் போக மாட்டார்கள். ஆங்கிலம் தடுமாறும் என்ற பயம், "இதுகூடத் தெரியாதா" என்று கேட்டுவிடுவாரோ என்ற பயம். நான் போன முதல் நாள் கதவுக்கு வெளியே பத்து நிமிடம் நின்றேன். உள்ளே போய் "எந்த வரியில் நின்றுவிட்டேன்" என்று தாளைக் காட்டினேன், அவ்வளவுதான், ஆங்கிலம் பாதி தேவைப்படவே இல்லை. அவர் பென்சிலை எடுத்துவிட்டார்.

உங்களுக்கு எப்படி இருந்தது? எழுதுங்கள், அந்தத் தங்கச்சிக்குக் காட்டப் போகிறேன்.

பண்டாரவளையிலிருந்து

அக்கா சொன்னதற்கு நேர் எதிர்க் கதை என்னுடையது. நான் ஏ.எல். இணைந்த கணிதம் செய்தவன். பகுதி ஏயில் 10 கேள்வி, பகுதி பியில் 7இல் 5, எந்த 5ஐத் தொட வேண்டும் என்று வினாத்தாளை ஒரு புரட்டுப் புரட்டியே சொல்லிவிடுவேன், அவ்வளவு பாஸ்ட் பேப்பர் செய்திருந்தேன். பட்டப்படிப்பில் முதல் செமஸ்டர் பாடவிவரத்தைப் பார்த்தால் பல்லுறுப்பி, சமனிலி, சார்பு, மடக்கை. எல்லாம் தெரிந்த பாடம்! விரிவுரைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வீட்டுக்கு வந்து போகிற கிழமைகளில் திங்கட்கிழமை வகுப்பு எப்படியும் போய்விடும், அதையும் பெரிசாக எடுக்கவில்லை.

முதல் ஒப்படையில் எல்லா விடையும் சரி, புள்ளி 10க்கு 4. ஏன் என்று கேட்கப் போனேன், கோபத்தோடுதான் போனேன். மிஸ் பொறுமையாகக் காட்டினார். சமனிலியில் எக்ஸ் உள்ள கோவையால் இரண்டு பக்கமும் பெருக்கியிருக்கிறேன், அது நேரா மறையா என்று எழுதவில்லை. மறை என்றால் குறி திரும்ப வேண்டும் அல்லவா. பின்னச் சார்பில் கீழே இருக்கும் பகுதி பூச்சியமாகும் இடத்தை விலக்கவில்லை. "உங்கட விடை சரி, ஆனா ஏன் சரின்னு உங்களுக்குத் தெரியுமான்னு இந்தத் தாள் எனக்குச் சொல்லல்ல" என்றார். கோபம் போய்விட்டது. ஆனால் பழக்கம் போகவில்லை. வரவு 80 வீதத்துக்குக் கீழே இறங்கி இறுதிப் பரீட்சைக்கு விடவில்லை. அடுத்த வருசம் தம்பிமார் தங்கச்சிமாரோடு உட்கார்ந்து அதே பாடத்தை எடுத்தேன். தெரிந்த பாடம் என்று நினைக்கிற ஆட்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். மழைக்கு ரோடு மூடினால், சுகமில்லை என்றால், அன்றைக்கே மெயில் போடுங்கள், மருத்துவச் சான்றிதழ் எடுத்து வையுங்கள். பிறகு போய்ச் சொன்னால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

தலவாக்கலையிலிருந்து, கணித ஆசிரியை

பொகவந்தலாவைத் தங்கச்சி எழுதியதை வாசித்துவிட்டு இரவு முழுக்க யோசித்தேன். அந்தப் பிழைகள் எங்கள் வகுப்பறையிலிருந்துதான் போகின்றன. ஓ.எல். இரண்டாம் வினாத்தாளில் ஒவ்வொரு பகுதியிலும் 6இல் 5 செய்தால் போதும். பிள்ளை 35 தாண்டினால் சித்தி. அதனால் பயப்படுகிற பிள்ளைக்கு "அட்சரகணிதத்தை விடு, புள்ளிவிவரத்தையும் தொடைக் கணக்கையும் (செட்) பிடி" என்று நானே சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்தில் சித்தியடைய வைப்பதுதான் பெரிசாக இருந்தது. இப்போது தரம் 10இல் வாரத்துக்கு ஒரு நாள், ஒரு கணக்கை வேண்டுமென்றே ஒரு வரியில் பிழையாகப் போர்டில் எழுதிவிட்டு எந்த வரி என்று கேட்கிறேன். முதல் மாதம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, டீச்சர் எழுதியதைப் பிழை என்று எப்படிச் சொல்வது என்று. இப்போது சண்டை பிடிக்கிறார்கள்.

ஹப்புத்தளையிலிருந்து

நான் கொழும்பில் அமெரிக்கப் பட்டத்துக்கு மாற்றிக்கொள்ளும் படிப்பில் சேர்ந்தேன், அங்கே இதற்குப் பெயரே காலேஜ் அல்ஜீப்ரா. அமெரிக்காவில் ஒரு கிரெடிட்டுக்குக் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் வகுப்பு, வெளியே குறைந்தது இரண்டு மணித்தியாலம், அப்படித்தான் கணக்கு. 3 கிரெடிட் என்றால் கிழமைக்கு 9. ஆகவே நம்மூர்க் கணக்குக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை, எழுதியிருக்கும் விதம்தான் வேறு. சேருமுன் ஒரு தரப் பரீட்சை வைத்தார்கள், எனக்குப் பின்னங்கள் உதைத்தன, ஒரு படி கீழே உள்ள பாடத்தை முதலில் எடுக்கச் சொன்னார்கள். வெட்கமாக இருந்தது, வீட்டில் சொல்லவே இல்லை. ஆனால் அந்த ஒரு செமஸ்டர்தான் என்னைக் காப்பாற்றியது. கீழ்ப் படியில் நிற்கச் சொன்னால் நில்லுங்கள், மேலே போய் விழுவதைவிட எவ்வளவோ நல்லது.

மஸ்கெலியாவிலிருந்து, ஒரு தகப்பன்

நான் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான், மன்னிக்கவும், கணக்கைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. மகள் இரண்டாம் வருசம் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் வீட்டில் ஒரே மேசை, அதில்தான் டிவி, அதில்தான் சாப்பாட்டுச் சட்டி. அம்மா கொழுந்துக்குப் போய்விட்டு வந்தால் இரவுச் சமையலும் தம்பியும் மகள் பொறுப்பு. புத்தகத்தைத் திறந்துகொண்டு ஒரே பக்கத்தை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருப்பாள். கெம்பஸில் படிப்பதை இங்கே ஏன் இழுத்துக்கொண்டு வருகிறாள் என்று நான் சத்தம் போட்டிருக்கிறேன். கிழமைக்கு 7 மணித்தியாலம் தனியாகச் செய்ய வேண்டும் என்று இங்கேதான் முதல் தடவை வாசித்தேன். அவளும் சொன்னதில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. இனி டிவியை அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுகிறேன். இந்த மாதிரி விசயங்களைப் பெற்றோருக்கும் தமிழில் ஒரு தாளில் எழுதித் தந்தால் பெரிய உதவி.

பொகவந்தலாவையிலிருந்து, மறுபடியும்

மஸ்கெலியா ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அந்தத் தாளை நானே எழுதுகிறேன், டீச்சர் ஒருமுறை பார்த்துத் திருத்தித் தந்தால் போட்டோகொப்பி எடுத்துத் தோட்டத்துக்குத் தோட்டம் கொடுக்கலாம்.

தங்கச்சி நேற்று வீட்டுக்கு வந்தாள். கொப்பி கொண்டுவராதே என்று சொல்லியிருந்தேன், ஒரு கட்டு வெறும் தாளும் பென்சிலும் மட்டும். அந்த வர்க்கமூலக் கணக்கையே கொடுத்தேன். 3உம் மறை 2உம் எடுத்தாள், நான் எடுத்த மாதிரியே. நீட்டப் போனவள் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாளைத் திரும்ப இழுத்துக்கொண்டாள். தேத்தண்ணி ஆறிப் போனது, அவள் தலை நிமிரவில்லை.