பிளஸ் ஒன் மாணவி கடினமான ஆங்கிலச் சொற்களைக் கற்பது எப்படி?

வைகைக்கரை:
என் மகள் பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, இந்த ஆண்டு பிளஸ் ஒன்னில் ஆங்கில வழி அறிவியல் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். பாடநூலில் ஒரு பத்தியைக் கடப்பதற்குள் நான்கைந்து சொற்களில் திணறுகிறாள். உறவினர் ஒருவர், வெளிநாட்டு மேற்படிப்புச் சேர்க்கைக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வுக்கான பழைய சொற்பட்டியல் நூலைக் கொடுத்து, தினமும் 20 சொற்களை மனப்பாடம் செய்யச் சொன்னார். காலையில் ஒப்பிப்பவளுக்கு வார இறுதியில் பாதிகூட நினைவில் இருப்பதில்லை. இதைத் தொடரலாமா, வேறு வழி உண்டா?

சாக்பீஸ் (ஆங்கில ஆசிரியை):
அந்த நூலை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடுங்கள், ஐயா. வாக்கியமே இல்லாமல் எதிர்ச்சொல் கேட்கும் வினாக்களை ஜி.ஆர்.இ. தேர்வே 2011-இல் கைவிட்டுவிட்டது. அவற்றுக்காகத் திரட்டிய அரிய சொற்கள் மேல்நிலைப் பாடநூல்களில் தலைகாட்டுவது அபூர்வம். தங்கள் மகளைத் திணறடிப்பவை, எந்த ஒரு பாடத்துக்கும் தனியுரிமை இல்லாமல் எல்லாப் பாடங்களிலும் புழங்கும் சொற்களாகவே இருக்கும். ஆவெரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியல் ஆய்வாளர் 2000-ஆம் ஆண்டில், கல்விசார் எழுத்தில் அடிக்கடி வரும் இத்தகைய 570 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதன் பல வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தொகுத்து வெளியிட்டார். 'ஹைபாதெசிஸ்', 'கான்ஸ்டிட்யூட்', 'சிக்னிஃபிகன்ட்' ஆகியவை அதில் உள்ளன. கடைசிச் சொல்லையே பாருங்கள்: இயற்பியலில் 'சிக்னிஃபிகன்ட் ஃபிகர்ஸ்' என்றால் ஓர் அளவீட்டில் நம்பத்தக்க இலக்கங்கள், ஆங்கிலக் கட்டுரையில் அது வெறுமனே 'குறிப்பிடத்தக்க'. எனவே சொல்லுக்கு நேராக ஒற்றைப் பொருளை எழுதாமல், அது வந்த வாக்கியத்தையே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நாளுக்கு ஐந்து சொற்களே தாராளம்.

கடைசி பெஞ்ச்:
ஆசிரியை சொன்னதோடு, மறதிக்கும் மருந்து தேவை. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் இதழாளர் 1972-இல் பரவலாக்கிய அட்டைப் பெட்டி முறையில்தான் நான் படித்தேன். அட்டையின் ஒரு பக்கம் சொல்லை விட்டுவிட்டு வாக்கியமும், மறுபக்கம் அந்தச் சொல்லும் இருக்கும். பெட்டியைச் சில அறைகளாகப் பிரித்திருப்போம்; சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். பின் அறைகளை நாள் தள்ளித்தான் எடுக்க வேண்டும். கைப்பேசிச் செயலிகளும் இதைச் செய்கின்றன, ஆனால் கைப்பேசியைக் கையில் எடுத்தால் படிப்பு எங்கே போகும் என்பது பெற்றோருக்குத் தெரியாததல்ல.

தாமிரபரணி:
மனப்பாடத்தை அடியோடு ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பிளஸ் டூ பொதுத்தேர்வின் ஒரு மதிப்பெண் பகுதியில் ஒத்த சொல்லும் எதிர்ச்சொல்லும் கேட்கிறார்கள். பாடங்களின் சொற்பொருள் பட்டியலை உருப்போட்டவர்களுக்கு அந்த மதிப்பெண்கள் கைமேல் கிடைக்கும். அதை முடித்த பிறகு காக்ஸ்ஹெட்டின் பொதுப் பட்டியலுக்குப் போகட்டும்.

சாக்பீஸ்:
அதுவும் நியாயமே, பாடநூல் பட்டியலை மட்டும் உருப்போடட்டும். ஒன்று விட்டுப்போனது: அகராதியில் ஒலிக்குறியையும் பார்க்கச் சொல்லுங்கள். 'அனலைஸ்' என்பதில் அழுத்தம் முதல் அசையில் விழும், 'அனாலிசிஸ்' என்பதில் இரண்டாம் அசைக்கு நகரும். இதை அறியாத பிள்ளைகள், எழுத்தில் நன்கு தெரிந்த சொல்லையும் வகுப்பில் காதால் கேட்கும்போது புதிய சொல் என்று எண்ணிவிடுகிறார்கள்.