அரளிச் சருகில் விஷமாம்! தோவாளைக்காரனிடமே சொல்கிறார்கள்

பூந்தோவாளை:
நேற்று நம்ம குழுவில் மார்த்தாண்டம் டீச்சர் ஒருவர் எழுதியிருந்தார். "நாய், பூனை வளர்ப்பவர்கள் முற்றத்து அரளியை வேரோடு பிடுங்கிவிடுங்கள். காய்ந்து உதிர்ந்த சருகில்கூட விஷம் உண்டு." அதற்கு வரிசையாகக் கைதட்டல் வேறு. தட்டிய கைகளில் எத்தனை அரளி பறித்த கை?

பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளையில் எங்கள் வீட்டில் அரளி நிற்கத் தொடங்கி 22 வருடம் ஆகிறது. நான்கு நாய் வளர்த்தாயிற்று. இப்போது இருக்கும் கறுப்பன் மத்தியானம் உறங்குவதே அரளி மூட்டில்தான். எழுந்து வரும்போது முதுகெல்லாம் பூவும் சருகுமாக வருவான். பச்சை இலையில் விஷம் உண்டு, மறுக்கவில்லை. காய்ந்த பிறகு ஏது விஷம்? பால் வற்றினால் விஷமும் வற்றும். அவ்வளவுதான்.

மாடித்தோட்டம்_டீச்சர்:
அந்த டீச்சர் நான்தான். மறைத்துப் பேச வேண்டாம். அரளியில் இருக்கும் ஒலியாண்ட்ரின் என்ற விஷம் பாலில் மட்டும் உள்ள சரக்கு இல்லை. இலை, பூ, தண்டு, வேர் எல்லாவற்றிலும் உண்டு. காய்ந்தாலும் போகாது. பச்சை இலை கசப்பதால் ஆடு மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். காய்ந்தால் கசப்பு குறையும், விஷம் அப்படியே நிற்கும். அதனால் சருகுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

பூந்தோவாளை:
கசப்பு போகும், விஷம் மட்டும் போகாதாம். இது எந்த ஊர் நியாயம் டீச்சர்? பாகற்காயை வற்றல் போட்டால் என்ன ஆகிறது?

பழைய_கம்பவுண்டர்:
பாகற்காய் வற்றல் கசக்காதா உமக்கு? அப்படியானால் உம் வீட்டு வற்றலில் ஒரு படி இங்கே அனுப்பும் ஓய்.

குழித்துறை_பூனைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். வாடகை வீடு, ஆறு தொட்டி வைக்க இடம் இருக்கிறது. இரண்டு பூனை, ஒரு நாய்க்குட்டி. என்ன செடி வைக்கலாம்?

ரப்பர்_குலசேகரம்:
முதலில் எந்த அரளி என்று சொல்லுங்கள். செவ்வரளியா, மஞ்சள் அரளியா? இரண்டும் வேறு வேறு செடி. ஆளாளுக்கு எதையோ நினைத்துக்கொண்டு அடித்துக்கொள்கிறீர்கள்.

பூந்தோவாளை:
அரளி என்றால் அரளிதான். பேச்சை மாற்ற வேண்டாம். எங்கள் ஊர் மாணிக்க மாலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது, தெரியுமா? வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை வைத்துக் கட்டுவது. தலைமுறை தலைமுறையாக அரளியைத் தொட்டுத்தான் எங்கள் ஆட்கள் சோறு தின்கிறார்கள். எல்லோரும் செத்தா போனார்கள்?

மாடித்தோட்டம்_டீச்சர்:
மாலையைக் கையால் கட்டுகிறார்கள் அண்ணாச்சி. நாய் வாயால் அல்லவா கடிக்கும்? 2024 மே மாதம் கேரளக் கோயில்களைப் பார்த்துக்கொள்ளும் திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி வேண்டாம் என்று முடிவெடுத்ததே, அவர்களுக்கு என்ன, பூ மேல் விரோதமா? அதே சமயத்தில் அடூர் பக்கம் ஒரு பசுவும் கன்றும் அரளி இலை தின்று செத்ததாகச் செய்தி வந்தது.

பூந்தோவாளை:
வந்துவிட்டது கேரளா. மேற்கே இருப்பவர்களுக்கு எதற்கெடுத்தாலும் கேரளாதான். அடூர் பசு தின்றது பச்சையா, சருகா? நான் கேட்பது சருகு. ச-ரு-கு.

ரப்பர்_குலசேகரம்:
ஊர்ப் பெருமை பேசுகிறவருக்கு ஒன்று. உங்கள் சந்தைக்கு அரளி சேலத்தில் இருந்தும் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. அது எப்போது தோவாளை அரளி ஆனது?

பூந்தோவாளை:
தோவாளையில் விற்றால் தோவாளைப் பூ. உங்கள் ரப்பர் மட்டும் குலசேகரத்தில் முளைத்ததோ? பிரேசிலில் இருந்து வந்த மரத்தை வைத்துக்கொண்டு அரளிக்கு ஊர் கேட்கிறார்.

பழைய_கம்பவுண்டர்:
கால்நடை மருந்தகத்தில் 31 வருடம் இருந்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். வேலி அரளியை வெட்டி, தொழுவத்தின் ஓரமாகவே குவித்து வைத்திருந்தார் ஒருவர். மூன்றாம் நாள் பசு அதில் வாய் வைத்துவிட்டது. நாங்கள் போகும்போது வாயில் நுரை, கழிச்சல். ஸ்டெதாஸ்கோப் வைத்தால் துடிப்பு நாலு வரும், ஒன்று விடும், அப்புறம் இரண்டு வரும். பெட்ரோல் தீர்ந்த பைக் மாதிரி. சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. மூன்று நாள் கிடந்த இலை, ஞாபகம் வையும்.

பூந்தோவாளை:
அது மாடு. நான் பேசுவது நாய். அதோடு மூன்று நாள் இலை வாடின இலை. வாடினது வேறு, காய்ந்தது வேறு.

மாடித்தோட்டம்_டீச்சர்:
வாடினது எத்தனை மணிக்குக் காய்ந்ததாக மாறும்? அதற்கும் தோவாளையில் மணி அடிப்பார்களா?

பழைய_கம்பவுண்டர்:
அரளியை விடுங்கள். நாய் விஷயத்தில் நான் அதிகம் பார்த்தது ஆமணக்குப் புண்ணாக்கு. ரோஜாத் தொட்டிக்கு உரம் என்று எலும்புத்தூளோடு கலந்து போடுவார்கள். அந்த வாசனைக்கு நாய் தொட்டியையே தோண்டித் தின்றுவிடும். அதில் ரிசின் என்ற விஷம் உண்டு. செடி பாதுகாப்பானது என்று பார்க்கிறவர்கள் தொட்டிக்குள் என்ன போட்டிருக்கிறோம் என்று பார்ப்பதில்லை.

பூந்தோவாளை:
நல்ல தகவல் அண்ணாச்சி. ஆனால் சருகுக்குப் பதில் அது இல்லையே.

குழித்துறை_பூனைக்காரி:
என் ஆறு தொட்டி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

ரப்பர்_குலசேகரம்:
குப்பைமேனி வையுங்கள். பூனைவணங்கி என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து அதன் மேல் புரளும். காசு செலவில்லை, ரோட்டோரம் எல்லாம் நிற்கிறது. விஷம் என்று பார்த்தால் மரச்சீனி (மரவள்ளி) இலையிலும் சயனைடு உண்டு. எங்கள் வீட்டு ஆடு இரண்டு அதைத் தின்று செத்திருக்கிறது. அதற்காக விளையில் மரச்சீனி நடாமல் இருக்கிறோமா? மீன்குழம்புக்கு எதை வைத்துத் தின்பது?

பூந்தோவாளை:
இதைத்தான் ஆரம்பத்தில் இருந்து சொல்கிறேன்! மரச்சீனியைப் பிடுங்கச் சொல்ல டீச்சருக்குத் தைரியம் உண்டா?

ரப்பர்_குலசேகரம்:
நான் உங்கள் கட்சி இல்லை. இழுக்க வேண்டாம்.

மாடித்தோட்டம்_டீச்சர்:
பூனைக்காரி தங்கச்சி, இவர்கள் முடிக்க மாட்டார்கள். மல்லி, பிச்சி, செம்பருத்தி, துளசி, கனகாம்பரம் தைரியமாக வையுங்கள். சிவந்தி வேண்டாம். சோற்றுக்கற்றாழையும் மணிபிளான்ட்டும் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கற்றாழை வயிற்றைக் கலக்கும், மணிபிளான்ட்டைக் கடித்தால் வாய் எரிந்து எச்சில் ஒழுகும். பூங்கொத்தில் வரும் பெரிய லில்லியை மட்டும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். அதன் மகரந்தம் பூனையின் ரோமத்தில் ஒட்டி, அதை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். நாய்க்கு அந்த அளவு இல்லை, பூனைக்குத்தான்.

பூந்தோவாளை:
பிச்சி என்றதும் ஞாபகம் வருகிறது. போன ஓணத்துக்கு முன்னால் இதே டீச்சர் என்னிடம் பத்து பிச்சிக் கம்பு வாங்கினார். பதிலுக்கு அடுக்குச் செம்பருத்தி தருவதாகச் சொன்னார். இன்றுவரை ஒரு குச்சி வரவில்லை. இவர்தான் மற்றவர்களுக்குத் தோட்டம் சொல்லித் தருகிறார்.

மாடித்தோட்டம்_டீச்சர்:
பத்தில் எட்டு துளிர்க்கவே இல்லை. அது கம்பா, விறகா என்று நானும் அன்றே கேட்டிருக்க வேண்டும். மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பூந்தோவாளை:
எங்கள் ஊர்க் காற்றில் வளர்ந்த கம்பு உங்கள் மாடிச் சிமென்டில் எப்படித் துளிர்க்கும்? சரி, அது கிடக்கட்டும். ஒரே கேள்வி. காய்ந்த சருகில் விஷம் உண்டா, இல்லையா?

மாடித்தோட்டம்_டீச்சர்:
உண்டு. எத்தனை தடவை சொல்வது?

பூந்தோவாளை:
பதில் வரவில்லை.

பழைய_கம்பவுண்டர்:
சரி ஓய், கறுப்பன் இப்போதும் அரளி மூட்டில்தான் உறங்குகிறானா? ஒரு படம் போடும், பார்ப்போம்.

பூந்தோவாளை:
நேற்றிலிருந்து பின்வாசலில் கட்டியிருக்கிறேன். முன்பக்கம் கொசு அதிகம்.

மாடித்தோட்டம்_டீச்சர்:
கொசுவா?

பூந்தோவாளை:
ஆமாம், கொசு. செம்பருத்திக் குச்சி எப்போது வரும், அதைச் சொல்லுங்கள்.