வாவியோர முன்பள்ளிப் பந்தல்: கணினி மாதிரி முடிந்ததும் கட்டத் தொடங்கலாமா?

கல்லடி மாணவி:
கட்டடக்கலை இரண்டாம் ஆண்டில் படிக்கிறேன். மட்டக்களப்பு வாவியோரத்தில் உள்ள ஒரு முன்பள்ளிக்கு 12 அடிக்கு 10 அடி அளவில் மர நிழற்பந்தல் ஒன்றைக் கட்டிக்கொடுக்க நாங்கள் ஐவர் ஒப்புக்கொண்டுள்ளோம். ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் வரைந்து முடித்துவிட்டோம். பல்சா என்ற இலேசான மரக் குச்சிகளால் 1:20 அளவில் செய்த மாதிரியும் உறுதியாகவே நிற்கிறது. இனி மரம் வாங்கலாமா, இன்னும் நுணுக்கமாக வரைய வேண்டுமா?

வாவிக்கரையான்:
தங்கச்சி, ஸ்கெட்ச்அப்பில் இடத்தைக் குறித்தீர்களா? குறிக்காமல் விட்டால் அது அமெரிக்காவின் போல்டர் நகரத்து நிழலையே காட்டும். 40 பாகை வட அகலாங்கிலுள்ள அந்நகரத்தில் நண்பகற் சூரியன் ஆண்டு முழுதும் தெற்கிலேயே நிற்கும், ஏறத்தாழ 7.7 பாகையிலுள்ள நமக்கோ ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் உச்சிக்கு வந்து, செப்டெம்பர் தொடக்கம் வரை வடக்கே சாய்ந்திருக்கும். நான் இதைக் கவனியாமல் வடக்குப் பக்கம் தாழ்வாரமே இல்லாமல் வரைந்து, விரிவுரையாளர்கள் முன்னிலையில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

ஓடாவி மகன்:
சிறு மாதிரி நிற்பதை நம்பிவிடாதீர்கள். 1:20 அளவில் மரத்தின் குறுக்குவெட்டு 400இல் ஒரு பங்காகவும் எடை 8000இல் ஒரு பங்காகவும் குறைவதால், அதே மரத்தில் செய்தாலும் தன் எடையைத் தாங்குவது அதற்கு 20 மடங்கு இலகு. போதாததற்குத் திறந்த பந்தலைக் காற்று கீழிருந்து தூக்கும். 1978 சூறாவளியைக் கண்ட பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், கூரை பறந்த கதை சொல்வார்கள்.

முழு மரமும் வாங்காமல், கூரையின் சாய்வு மரமான கைமரமும் உச்சி மரமான முகட்டு வளையும் சேரும் ஒரு பொருத்தை மட்டும் உண்மை அளவில் செய்யுங்கள். இரண்டுக்கு நாலு அங்குலம் என்று மரக்காலையில் தருவது அடிமட்டம் வைத்தால் அந்த அளவு இராது, சீவுளி போட்டால் இன்னும் குறையும். திரையில் இடைவெளியின்றிப் பொருந்திய இடத்தில் விரல் நுழையும். அந்த அளவைக் கொண்டுபோய் கணினி மாதிரியைத் திருத்திய பிறகே மற்ற மரங்களை அறுக்க வேண்டும்.

கல்லடி மாணவி:
பார்த்தோம் அண்ணா, போல்டர்தான் இருந்தது. நாளை இரண்டு துண்டு மரம் மட்டும் வாங்குகிறோம். கால்களை நிலத்தில் புதைக்கலாமா?

ஓடாவி மகன்:
வேண்டாம். ஈரமும் கறையானும் அடிமரத்தை அரித்துவிடும். சீமெந்துக் கட்டையில் நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்புப் பட்டையைப் பதித்து, மரத்தின் அடி நிலத்தில் படாதவாறு போல்ட் போட்டு இறுக்குங்கள். கட்டை கனமாக இருக்கட்டும். காற்றுக்குப் பந்தலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.