பார்சிக் கதைகளைச் செட்டிநாட்டிலிருந்து வாசித்தல்

கேள்வி: காரைக்குடி வாசகி

ரோஹின்டன் மிஸ்திரியின் ‘டேல்ஸ் ஃப்ரம் ஃபிரோஷா பாக்’ (1987) தொகுப்பை எங்கள் வாசகர் வட்டத்தில் எடுத்திருக்கிறோம். பம்பாயில் ஒரே குடியிருப்பில் வாழும் பார்சிக் குடும்பங்களை, அதாவது பாரசீகத்திலிருந்து வந்த ஜரதுஷ்டிர சமயத்தாரின் வழிவந்தோரைப் பற்றிய 11 கதைகள் அதில் உள்ளன. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் (கடல் கடந்து தொழில் செய்யப்) போன நகரத்தாரின் பேத்திகளான எங்களுக்கு ஊர்விட்டுப் போதல் புதிய பொருளன்று. ஆயினும் அந்தத் தலைமுறையைப் பற்றிப் பேச்செடுத்தால் கோயில் திருப்பணிகளும் கல்விக் கொடைகளுமே நினைவுக்கு வருகின்றன. இந்தக் கதைகளை எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: தேவகோட்டை வாசகர்

ஆச்சி, கடைசிக் கதையான ‘ஸ்விம்மிங் லெசன்ஸ்’ஸை முதலில் படியுங்கள். டொராண்டோவிலிருக்கும் கெர்சி எழுதிய கதைகள் பம்பாயிலிருக்கும் பெற்றோருக்குத் தபாலில் வருகின்றன. அவை இத்தொகுப்பின் முந்தைய கதைகளே என்பது அங்கேதான் புலப்படுகிறது. மகன் ஊருக்கு ஏங்குகிறானோ என்று தாய் கவலைப்பட, பார்சிகளின் வரலாற்றையும் பெருமையையும் அவன் எழுதவேண்டும் என்று தந்தை விரும்புகிறார். நீங்கள் குறிப்பிட்ட திருப்பணிப் பட்டியல் அந்தத் தந்தையின் ஆசைதான். மிஸ்திரி அந்த ஆசைக்கும் கதைக்குள் இடம் கொடுத்துவிட்டு, மேல்வீட்டுக் கழிவறையிலிருந்து ஒழுகும் நீரையும், அண்டைவீட்டார் பயன்படுத்திக்கொள்ளும் ஒருத்தியின் குளிர்பதனப் பெட்டியையுமே எழுதுகிறார். ஒரு சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளத் தயங்குவதெல்லாம் அங்கே இருக்கிறது என்பது என் துணிபு.

பதில்: பள்ளத்தூர் ஆசிரியை

தேவகோட்டை அண்ணன் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் இரண்டு சமூகங்களையும் விரைந்து ஒன்றாக்கிவிடக் கூடாது. நம்மவர்களில் வட்டிக்கடைக்குப் போன மேலாளும் (கடைப் பொறுப்பாளர்) அடுத்தாளும் (அவருக்கு உதவியாளர்) பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் போனார்கள். குடும்பம் ஊரில் இருந்தது, தவணை முடிந்தால் திரும்புவது என்பதே ஏற்பாடு. ‘ஸ்க்வாட்டர்’ கதையின் சரோஷும் தவணை வைத்துக்கொள்கிறான், ஆனால் நேர் எதிராக: 10 ஆண்டுகளில் முழுக் கனடியனாக மாறாவிட்டால் ஊர் திரும்புவேன் என்கிறான். மேல்நாட்டுக் கழிவறைக்குப் பழக முடியாமல் தோற்று, திரும்பி வந்தும் பம்பாயில் பொருந்தாமல் போகிறான். சிரிக்க வைத்துக்கொண்டே தொண்டையை அடைக்கச் செய்யும் கதை அது.

உறவு எவ்வழி எண்ணப்படுகிறது என்பதையும் பேசுங்கள். 1908 பம்பாய் உயர்நீதிமன்றத் தீர்ப்பு, பிற இனத்துத் தாய்க்குப் பிறந்தாலும் பார்சித் தந்தையின் பிள்ளைகளைப் பார்சிகளாக ஏற்றது. நம் கோயில் புள்ளியும் (கோயிலில் குடும்பத்தைப் பதியும் கணக்கு) தந்தைவழியே. இந்தியாவில் பார்சிகளின் தொகை 2001இல் 69,601ஆக இருந்து 2011இல் 57,264ஆகக் குறைந்த நிலையில், வெளியே மணம் செய்த பெண்ணின் பிள்ளைகள் யார் என்ற கேள்வி அவர்களுக்கு மிகக் கூர்மையானது. நம் வளவு (முற்றம் வைத்த பெரிய) வீடுகளிலும் அது இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறது.

கேட்டவர்: காரைக்குடி வாசகி

அப்படியானால் அடுத்த கூட்டத்துக்கு ‘ஸ்க்வாட்டர்’ கதையையே வைக்கிறோம். பினாங்கிலிருந்து வந்த பழைய கடிதங்கள் வைத்திருப்போரையும் அவற்றைக் கொண்டுவரச் சொல்கிறேன்.