புதுப்பிப்பு: அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஆண்டுக்கு 1,00,000 டாலர் சம்பளம், கைக்கு வருவது எவ்வளவு?

திருமணமாகாதவருக்கு 2024 கணக்கில் சுமார் 75,400 டாலர் கைக்கு வரும் என்று முன்பு எழுதியிருந்தேன், அது தவறு, மன்னியுங்கள். கூட்டரசு (அமெரிக்க மத்திய அரசு) வருமான வரி 13,841, சோஷியல் செக்யூரிட்டியும் (ஓய்வூதியத் திட்டம்) மெடிகேரும் (முதியோர் மருத்துவக் காப்பீடு) சேர்ந்து 7,650, பென்சில்வேனியா மாநில வரி 3.07 சதவீதம், இதெல்லாம் சரிதான். ஆனால் பிலடெல்பியா நகரமே தனியாக 2024-இல் 3.75 சதவீதம் பிடித்தது, அதை விட்டுவிட்டேன். ஆக கைக்கு வருவது சுமார் 71,700, மாதத்துக்கு 6,000-க்கும் சற்றுக் குறைவு.

அப்புறம், 401கே-வில் (வேலை செய்யும் நிறுவனம் வழியாகச் சேர்க்கும் ஓய்வுகாலச் சேமிப்பு) ஆண்டுக்கு 6,000 போட்டால் எல்லா வரியும் குறையும் என்று நினைக்காதீர்கள். கூட்டரசு வருமான வரியில் மட்டும் 1,320 மிச்சமாகும், மாநிலமும் நகரமும் அந்தப் பணத்துக்கும் சேர்த்தே வரி பிடிக்கும். வாடகை ஒப்பந்தம் போடும் முன் இதைக் கட்டாயம் பாருங்கள்.