200 பசுக்கள், 2 பொலிகாளைகள்: கருமாற்றம் ஓர் இனத்தைக் காப்பாற்றுமா?

கேள்வி:
வணக்கம். அழியும் நிலையிலுள்ள ஒரு மாட்டினத்தில் 200 பசுக்களும் 2 பொலிகாளைகளும் மட்டுமே எஞ்சியுள்ளதாக வைத்துக்கொள்வோம். சிறந்த பசுக்களின் கருக்களை எடுத்து வேற்றினப் பசுக்களுக்கு மாற்றினால் சில ஆண்டுகளில் எண்ணிக்கை பெருகிவிடும் என்கிறார்கள். அவ்வாறு பெருகிவிட்டால் இனம் தப்பியதாகக் கருதலாமா? உறைவிந்தைச் சேமித்தாலே போதும் என்பது சரியா?

பதில் 1:
எண்ணிக்கை பெருகும், ஆனால் இனம் தப்புமா என்பது காளைகளைப் பொறுத்தது. ஆண், பெண் எண்ணிக்கைகளின் பெருக்குத்தொகையை நான்கு மடங்காக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதே மரபியல் கணக்கில் மந்தையின் பயனுறு அளவு, அதாவது மரபு வேறுபாட்டைக் காப்பதில் மந்தை உண்மையில் எத்தனை மாடுகளுக்கு ஈடு என்பது. உங்கள் மந்தைக்கு அது வெறும் 8, ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு கேட்பதோ குறைந்தது 50. அதே பசுக்களுக்கு 20 காளைகள் இருந்தால் அளவு ஏறத்தாழ 73 ஆகிவிடும். இரண்டு காளைகளைக் கொண்டு ஆயிரம் கன்றுகளை உண்டாக்கினாலும், அவை இரண்டே தகப்பன்களின் வாரிசுகள்தாம். அவசரத்தில், பெண் கன்றுக்கெனப் பாலினம் பிரித்த விந்தைப் பயன்படுத்தினால் பிறப்பவற்றில் சுமார் 90 விழுக்காடு கிடாரிகளாக இருக்கும். அடுத்த பொலிகாளைகள் எங்கிருந்து வரும்? பழைய உறைவிந்துச் சேமிப்புகளில் உறவில்லாத காளைகளைத் தேடுவதும், வெவ்வேறு தாய்களின் காளைக்கன்றுகளைக் காயடிக்காமல் வளர்ப்பதுமே முதல் வேலை.

பதில் 2:
உறைவிந்து மட்டும் போதாது. திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில், அது பல பத்தாண்டுகள் கெடாதிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பசுக்கள் அற்றுப்போனால் வேற்றினப் பசுவில் தொடங்கி, ஐந்து தலைமுறை அந்த விந்தாலேயே தொடர்ந்து சினைப்படுத்திய பிறகே பழைய இனத்தின் மரபணுவில் ஏறத்தாழ 97 விழுக்காடு மீளும்; அப்போதும் தாய்வழி மட்டுமே வரும் மைட்டோகாண்டிரியா (உயிரணுவுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) மரபணு வேற்றினத்தினுடையதாகவே இருக்கும். உறைகருவில் இந்தக் குறை இல்லை, ஏனெனில் சுமக்கும் பசு கன்றுக்கு மரபணு எதையும் தருவதில்லை. ஒரே முறையில் பல முட்டைகள் வெளிவருவதற்காகப் போடும் ஹார்மோன் ஊசிக்குப் பசுக்கள் ஒரேபோல் இசைவதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்: சினைப்பருவத்திற்குப் பின் ஏழாம் நாள் கருக்களைச் சேகரிக்கக் கருப்பையைக் கழுவும்போது ஒரு பசுவில் பத்துக் கருக்கள் கிடைக்கும், இன்னொன்றில் ஒன்றுகூடக் கிடைக்காது. கருக்குழாய் அடைப்பால் சினை பிடிக்காத பசுவிடமும், ஸ்கேன் துணையுடன் சினைப்பையிலிருந்து முட்டைகளை உறிஞ்சி எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கலாம்.

பதில் 3:
படியாக்கத்தையும் (குளோனிங்) சிலர் தீர்வாகச் சொல்வதால் ஒரு குறிப்பு. நியூசிலாந்தின் எண்டர்பித் தீவு மாட்டினத்தில் எஞ்சிய கடைசிப் பசுவின் உயிரணுவிலிருந்து 1998-இல் கன்று உருவாக்கப்பட்டது. அது அரிய சாதனைதான்; எனினும் படியாக்கத்தால் கிடைப்பது அதே பசுவின் மறுபதிப்பு. அங்கே இனத்தைத் தொடர வழி இருந்ததற்குக் காரணம், தீவில் சுடப்பட்ட காளைகளின் விந்தை முன்பே எடுத்து உறையவைத்திருந்ததுதான்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்படியானால் கருமாற்றத்தைத் தள்ளிவைத்து, முதலில் எதைச் செய்வது?

பதில் 1:
தள்ளிவைக்க வேண்டாம், இரண்டு காளைகளின் விந்தையும் இப்போதே உறையவையுங்கள். அதற்கு இணையாக 200 பசுக்களுக்கும் காதுவில்லை பொருத்தி, தாய் தகப்பன் விவரத்தைப் பதிவு செய்து, மரபணுச் சோதனையால் உறவுநிலையைச் சரிபார்த்த பின்னரே கரு எடுக்கும் பசுக்களைத் தேர்ந்தெடுங்கள். பால் அதிகம் தருவது என்பதற்காக நாலைந்து பசுக்களிடமே மீண்டும் மீண்டும் கரு எடுத்தால், காளைகளிடம் உள்ள நெருக்கடி பசுக்களிடமும் வந்துவிடும்.