மகளுக்கு கீபோட் வேண்டோணும், எது நல்லம்? (அவசரம்)

கோண்டாவில்_அக்கா:
வணக்கம் எல்லாருக்கும். மகளுக்கு மியூசிக் வகுப்பு தொடங்கியாச்சு, வீட்டில பழக ஒண்டு வேண்டோணும், தம்பி வாற கிழமை கொழும்புக்கு போறான் அவனிட்ட சொல்லி எடுப்பிக்கலாம் எண்டு பாக்கிறன். யமஹா நல்லமோ கசியோ நல்லமோ? விலை கூடினது வேண்டாம். கெதியா சொல்லுங்கோ ப்ளீஸ்.

மானிப்பாய்ப்_பெடியன்:
எவ்வளவு காசு வச்சிருக்கிறியள் அக்கா? பிள்ளைக்கு என்ன வயசு? வகுப்பு பியானோவோ கீபோட்டோ?

சுருதிசுத்தம்:
இந்தக் கேள்வி இஞ்ச எத்தினை தரம் வந்திட்டுது, பழைய இழையளை ஒருக்கா தேடிப் பாத்திட்டு கேட்டால் குறைஞ்சா போயிடுவியள். சரி, கேட்டதுக்கு சொல்லுறன். டிஜிற்றல் எண்டுறதே பியானோ இல்லை. பழைய அப்ரைட் (நிமிந்து நிக்கிற கம்பிப் பியானோ) ஒண்டு தேடி எடுங்கோ. சுத்தியல் போய் கம்பியில அடிக்கிறது விரலுக்கு தெரியாட்டி எத்தினை வருசம் பழகினாலும் அது தட்டச்சுதான். விளங்கிறவைக்கு விளங்கும்.

சோல்டர்_சுன்னாகம்:
அண்ணை, அப்ரைட் எண்டால் 200 கிலோ கிட்ட நிறை, உள்ளுக்கு 200க்கு மேல கம்பி. எங்கட உப்புக்காத்துக்கையும் கறையானுக்கையும் அதை ஆர் வச்சுப் பாக்கிறது? அவா விலை கூடினது வேண்டாம் எண்டு முதல் பதிவிலயே எழுதியிருக்கிறா.

ஜப்பான்_சாமான்:
அப்ப ஜப்பானில இருந்து வாற பழைய கிளவினோவா (யமஹாவின்ர டிஜிற்றல் பியானோ) பாருங்கோ. பெட்டி மாதிரி, மூண்டு பெடலோட, கட்டையெல்லாம் உண்மையான பியானோ மாதிரி அமத்தப் பாரம். புதுசு குடுக்கிற காசில பாதிக்கும் வராது. நான் இதை எல்லா இழையிலயும் சொல்லுறன், ஒருத்தரும் கேக்கிறேல்ல.

சோல்டர்_சுன்னாகம்:
கேளாததுக்கு காரணம் இருக்கு. அங்க கரண்ட் 100 வோல்ட், எங்களுக்கு 230. பின்பக்க ஸ்ரிக்கரை பாக்காமல் நேர சுவரில குத்தி பவர்போட் எரிஞ்ச பிறகு என்னட்ட தூக்கிக்கொண்டு வருவினம். வோல்ட்டைக் குறைக்கிற ஸ்ரெப்டவுன் ட்ரான்ஸ்போமர் சேத்து வேண்டுறதெண்டால் சரி. ஆனா கொழும்பில எடுத்து பஸ்ஸில கொண்டுவாற சாமான் இல்லை அது, லொறி பிடிக்கோணும்.

கோண்டாவில்_அக்கா:
மன்னிக்கோணும், சமையலுக்க நிண்டனான். மகளுக்கு 9 வயசு. ஒரு லட்சம் மட்டில பாக்கிறன், கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. வகுப்பில என்ன எண்டு சரியா தெரியேல்ல, ஓர்கன் வகுப்பு எண்டுதான் எல்லாரும் சொல்லுறவை, மிஸ் பிறகு ட்ரினிற்றி (லண்டன் இசைச் சோதினை) சோதினைக்கு விடுவன் எண்டவா. வீட்ட மாமியின்ர ஆர்மோனியம் ஒண்டு இருக்கு, அதில பழக ஏலாதோ?

கறுப்புக்கட்டை:
நான் பிள்ளையளுக்கு படிப்பிக்கிறனான், அதால சொல்லுறன். கடைக்கு போக முதல் மிஸ்ஸிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்கோ: சோதினை பியானோவிலயோ இலக்ட்ரோனிக் கீபோட்டிலயோ? ட்ரினிற்றியில ரெண்டும் வேற வேற பாடத்திட்டம். கீபோட் சோதினைக்கு இடக்கையால கோட் (சேத்து அமத்திற சுரங்கள்) பிடிக்க பின்னுக்கு தாளம் தானா ஓடுற ஸ்ரைல் வேணும், 61 கட்டை காணும், ஆனா மெல்ல தட்டினா மெல்லவும் ஓங்கித் தட்டினா ஓங்கியும் கேக்கோணும். யமஹா பிஎஸ்ஆர்-இ373 மாதிரி ஒண்டு அதுக்கு சரி. பியானோ எண்டால் 88 கட்டை, பாரமான கட்டை, மிதிச்சால் சத்தத்தை இழுத்துப் பிடிக்கிற பெடல். யமஹா பி-45, இல்லாட்டி அதுக்கு பதிலா 2023ல வந்த பி-145, கசியோ சிடிபி-எஸ்100, றோலண்ட் எஃப்பி-10. இந்த நாலுக்குள்ள பாருங்கோ. கட்டையின்ர பிடிப்பு எனக்கு பிடிச்சது றோலண்ட், விலையும் அதுக்கேத்த மாதிரித்தான். பி-45ல ஸ்ரைல் இல்லை, பிஎஸ்ஆரில பாரக்கட்டை இல்லை. கேளாமல் மாறி வேண்டினால் பேந்து வித்துப்போட்டு மற்றதை வேண்டவேண்டி வரும்.
ஆர்மோனியத்தில ஒரு கை துருத்தி போடோணும். ரெண்டு கையாலயும் வாசிக்கப் பழகிற பிள்ளைக்கு அது சரிவராது.

வீணைக்கொடி:
ஏன் சரிவராது? முதல் சுரஞானம் வரட்டும். வட இலங்கைச் சங்கீத சபைச் சோதினைக்கு விட்டு வாய்ப்பாட்டு படிப்பியுங்கோ, ட்ரினிற்றி எங்க ஓடப்போகுது. இப்ப ஆரைக் கேட்டாலும் ஓர்கன் ஓர்கன்.

சுருதிசுத்தம்:
கட்டை வாத்தியத்தில கமகம் (சுரத்தை அசைச்சு வழுக்கிறது) வராது. ஒரு சுரத்தில இருந்து மற்றதுக்கு வழுக்கிப் போக வழியே இல்லை, தோடி ராகத்தை கீபோட்டில வாசிச்சுப் பாருங்கோ பாப்பம். இந்தியாவில அகில இந்திய வானொலியே 1940ல ஆர்மோனியத்தை நிப்பாட்டினது சும்மா இல்லை.

மானிப்பாய்ப்_பெடியன்:
பிறகு 1971ல திரும்ப விட்டவங்கள், அதையும் சொல்லுங்கோ. கர்நாடக இசைக்காரர் கீபோட் சத்யநாராயணன் கீபோட்டிலதானே முழுக் கச்சேரி வாசிக்கிறார். சுரத்தை வளைக்கிற பிச் பெண்ட் சில்லு எண்டு ஒண்டு இருக்கு அண்ணை.

சுருதிசுத்தம்:
சில்லை உருட்டினா தோடி வந்திடுமோ தம்பி. காது எண்டு ஒண்டும் இருக்கு.

வீணைக்கொடி:
அண்ணை முதல் பதிவில பிள்ளைக்கு பியானோவே வேணும் எண்டு நிண்டவர், இப்ப தோடிக்கு வந்திட்டார். நான் சொன்னதும் உதுதானே.

சோல்டர்_சுன்னாகம்:
தோடியை அங்கால கொண்டுபோங்கோ, அக்கா 9 வயசுப் பிள்ளைக்கு கேட்டவா.
அக்கா, பியானோ எண்டு மிஸ் சொன்னால் புதுசு உங்கட காசுக்குள்ள அடங்குமோ எண்டது சந்தேகம், பாவிச்சது பாக்கவேண்டி வரும். தம்பிட்ட இதைச் சொல்லிவிடுங்கோ. கடைக்காரர் வாசிச்சுக் காட்டுறதை ரசிச்சுக்கொண்டு நிக்காமல் 88 கட்டையையும் ஒவ்வொண்டா முதல் மெல்ல, பிறகு பலமா தட்டிப் பாக்கச் சொல்லுங்கோ. ஒவ்வொரு கட்டைக்கு கீழயும் ரப்பரில ரெண்டு தொடுபுள்ளி இருக்கு, முதலாவது பட்டு ரெண்டாவது படுகிற இடைவெளியை அளந்துதான் அந்த மெசின் நீங்கள் மெல்ல தட்டினியளோ பலமா தட்டினியளோ எண்டு கண்டுபிடிக்கும். தூசியோ ஈரமோ போயிருந்தால் எவ்வளவு மெல்ல தொட்டாலும் அந்த ஒரு கட்டை மட்டும் கத்தும், இல்லாட்டி சத்தமே வராது. ஒண்டு ரெண்டு கட்டை எண்டால் கழட்டித் துடைக்கலாம், வரிசையா கத்தினால் விட்டிட்டு வரச்சொல்லுங்கோ. ஹெட்போன் குத்துற ஓட்டையையும் பாக்கோணும். அடப்டர் அதுக்குரியதோ எண்டும் பாக்கோணும், பி-45க்கு 12 வோல்ட். பி-45 பதினொண்டரைக் கிலோ, துணி சுத்தி பஸ்ஸில கொண்டுவரலாம், ஆனா மேல ஒருத்தரும் பெட்டி வைக்காமல் பாக்கோணும்.

மானிப்பாய்ப்_பெடியன்:
கரண்ட் போற வீடெண்டால் கசியோ சிடிபி-எஸ்100 பாருங்கோ, ஆறு டபுள்ஏ பற்றியிலயும் ஓடும்.

ஜப்பான்_சாமான்:
ட்ரான்ஸ்போமரோட கிளவினோவா ஒண்டு கொக்குவிலில நிக்குது, வேணுமெண்டால் சொல்லுங்கோ.

கறுப்புக்கட்டை:
அக்கா மிஸ்ஸிட்ட கேட்டியளோ? என்னெண்டாலும் கட்டிலில வச்சு வாசிக்க விடாதேங்கோ, ஸ்ராண்டும் சரியான உயரத்தில கதிரையும் வேணும், முழங்கை கட்டை மட்டத்தில வரோணும்.

சுருதிசுத்தம்:
கேள்வி போட்ட ஆளைக் காணேல்ல. இதுக்குத்தான் நான் பதில் எழுதிறேல்ல.

மானிப்பாய்ப்_பெடியன்:
நாலு தரம் எழுதிப்போட்டு எழுதிறேல்லையாம்.

கோண்டாவில்_அக்கா:
எல்லாருக்கும் நன்றி. மிஸ் பியானோதான் எண்டவா. தம்பி பாவிச்ச பி-45 ஒண்டு பெடலோட எடுத்துக்கொண்டு வந்தவன், எல்லாக் கட்டையும் தட்டிப் பாத்தவனாம், கடைக்காரருக்கு விசர் வந்திட்டுதாம். இப்ப ஒரு பிரச்சினை. பெடலை மிதிச்சால் சத்தம் நிக்குது, காலை எடுத்தால் இழுபடுது. பழுதோ? திருப்பிக் குடுக்கிறதோ?

சோல்டர்_சுன்னாகம்:
பழுதில்லை. ஓன் பண்ணேக்க ஆரோ பெடலில கால் வச்சிருந்திருக்கினம், அப்பிடி ஓன் பண்ணினால் அது தலைகீழாத்தான் எடுக்கும். ஓஃப் பண்ணி, காலை எடுத்திட்டு, திரும்ப ஓன் பண்ணுங்கோ.

கோண்டாவில்_அக்கா:
வந்திட்டுது!! சின்னவன்தான் கீழ இருந்து அமத்திக்கொண்டு இருந்தவன்.

ஜப்பான்_சாமான்:
என்ன விலைக்கு எடுத்தனீங்கள்?